லா கிளார்க் தேர்வு எழுதவா, பாளையங்கோட்டையில் ஜூனியராகச் சேரவா?

தாமிரபரணிக்_கரை

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பி.ஏ., எல்எல்.பி. கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கோர்ட் வாசலை மிதித்தவர்கள் என்றால் எங்கள் தாத்தா ஒருவர்தான், அதுவும் வரப்புத் தகராறில் பிரதிவாதியாக.

பாளையங்கோட்டையில் சிவில் வழக்குகள் பார்க்கும் ஒரு சீனியர், ரிசல்ட் வந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். லீவில் அவருடைய ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். வழக்குக் கட்டு எடுத்துக் கொடுப்பேன், வாய்தா தேதியை டைரியில் குறிப்பேன். பணம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பஸ் செலவுக்குக் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

இதற்கு நடுவில் எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் லா கிளார்க் வேலைக்கு, அதாவது நீதிபதிக்குக் கோப்புகளைப் படித்துக் குறிப்பு எழுதித் தரும் வேலைக்கு, தேர்வு நடக்கிறது, நீ எழுது என்கிறார். அதிலிருந்து தூக்கமே இல்லை. நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஆங்கிலத்தில் படித்தால் புரியும், எழுதவும் வரும், ஆனால் நேஷனல் லா ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி பேச வராது. அவர்களுக்காகத்தான் இந்த வேலை என்று என் வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா?

இன்னொன்று. ஒரு வருடம் டெல்லியில் இருந்துவிட்டுத் திரும்பினால், என்னோடு படித்தவர்களெல்லாம் அதற்குள் நாலு சாட்சி விசாரித்திருப்பார்களே, நான் பின்தங்கிவிட மாட்டேனா? கடைசியில் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை. டெல்லிப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார்.

உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வாய்தா_ராஜா

2025 தேர்வுக்குக் கட்டணம் 500 ரூபாய். சென்னையிலேயே சென்டர் இருக்கிறது. ஒரு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். எழுதிவிட்டு வாருங்கள், கிடைத்த பிறகு உட்கார்ந்து குழம்பலாம். கிடைப்பதற்கு முன்னாலேயே அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு.

ரெக்கார்ட்_ரூம்

தங்கச்சி, 2024 மார்ச்சில் நடந்த தேர்வை எழுதி, ஒரு வருடம் டெல்லியில் ஒரு நீதிபதியிடம் இருந்துவிட்டு, இப்போது மதுரைக் கிளையில் ப்ராக்டிஸ் பண்ணுகிறேன். நானும் அரசு சட்டக் கல்லூரிதான். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

விவரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 அறிவிப்பில் சுமார் 90 இடம், வயது 20 முதல் 32, மாதம் 80,000 ரூபாய் தொகுப்பூதியம், ஒப்பந்த வேலை. கடைசி வருடம் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், சேரும்போது பட்டம் முடித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அந்த அறிவிப்பு ஜனவரியில் வந்தது, மார்ச் 9 தேர்வு. அடுத்ததுக்கும் டிசம்பரிலிருந்தே உச்ச நீதிமன்ற இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிரு. ஒரே நாளில் இரண்டு தாள்: ஒன்று கொள்குறி வகை, தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். மற்றது எழுத்துத் தாள். அதற்கப்புறம் நேர்காணல். முன்பெல்லாம் நீதிபதியின் அலுவலகத்துக்கு சிவி அனுப்புவது, யாராவது ஒரு வார்த்தை சொல்வது என்று இருந்த வழி நமக்குத் தெரியவே தெரியாது. தேர்வு என்று வந்ததால்தான் நான் உள்ளே போனேன். ஆகவே உன் வகுப்பில் பேசிக்கொள்வது பழைய கதை. அங்கே நேஷனல் லா ஸ்கூல் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள் என்பது மட்டும் நிஜம்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். அந்த எழுத்துத் தாளில் ஒரு வழக்குக் கோப்பைக் கொடுத்துச் சுருக்கச் சொல்வார்கள், ஒரு சட்டக் கேள்விக்கு ஆய்வுக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். அதில் உன் உச்சரிப்பு எங்கே வருகிறது? வேண்டியது சின்னச் சின்ன, தப்பில்லாத வாக்கியம். இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. நான் முதலில் தமிழில் படித்துவிடுவேன், கதை பிடிபட்டுவிடும். அப்புறம் ஆங்கிலத்தில் படிப்பேன். படித்ததை மூடிவைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுவேன்: யார் யார்மேல் வழக்குப் போட்டார், முன்சீப் கோர்ட் என்ன சொன்னது, ஹைகோர்ட் எதற்காக மாற்றியது, இப்போது முடிவு செய்ய வேண்டிய கேள்வி என்ன. எழுதியதில் பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பதுதான் குறிப்பு. பயிற்சிக்கு இதைவிட வேறு எதுவும் தேவைப்படவில்லை எனக்கு. கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே.

இனி வேலை. தீர்ப்பெல்லாம் நாம்தான் எழுதுவோம் என்று கனவு இருந்தால் ரயில் ஏறும்போதே இறக்கி வைத்துவிடு. உன் நாளில் பெரும்பகுதி எஸ்எல்பி கோப்புகளோடு போகும், அதாவது அரசியலமைப்பின் 136ஆவது உறுப்பின்படி வரும் சிறப்பு அனுமதி மனுக்கள். திங்களும் வெள்ளியும் புது மனுக்களுக்கான நாள். ஒரு அமர்வின் முன் ஐம்பது அறுபது வருவது சாதாரணம். அதனால் வியாழன் ராத்திரியையும் ஞாயிற்றுக்கிழமையையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு கோப்பு எப்படிப் படிக்கப்படுகிறது என்று காட்டுகிறேன். நிஜக் கோப்பு எதைப் பற்றியும் வெளியே பேசக்கூடாது, பேசவும் மாட்டேன். இது நானே ஜோடித்தது.

நடைபாதைத் தகராறு. வாதிக்குப் பாதை உரிமை இல்லை என்று முன்சீப் கோர்ட் தள்ளுபடி செய்தது. சார்பு நீதிமன்றமும் அதையே சொன்னது. இரண்டாம் மேல்முறையீட்டில் ஹைகோர்ட் இரண்டையும் ரத்து செய்து வாதிக்குப் பாதை கொடுத்துவிட்டது. பிரதிவாதி டெல்லிக்கு வந்திருக்கிறார். பேப்பர் புக், அதாவது மனுவும் ஆவணங்களும் சேர்ந்த கட்டு, நானூறு பக்கம். தொடக்கத்தில் பி, சி, டி என்று எழுத்துப் போட்ட பக்கங்களில் சினாப்சிஸும் (வழக்கின் சுருக்கம்) தேதிப் பட்டியலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். அது மனுதாரரின் வக்கீல் சொல்லும் கதை, அதைப் படித்தாயானால் உனக்கும் பிரதிவாதிமேல் பாவமாக இருக்கும். அதை அப்படியே தாண்டு.

முதலில் நீதிமன்றப் பதிவகம் தரும் அலுவலக அறிக்கை. ஹைகோர்ட் தீர்ப்பிலிருந்து 90 நாளுக்குள் மனு வந்திருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள் தாமதம், அதற்குச் சொல்லும் காரணம் என்ன. அப்புறம் நேராக ஹைகோர்ட் தீர்ப்பு. சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆவது பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றை வகுக்காமல் இரண்டாம் மேல்முறையீட்டை முடிவு செய்ய முடியாது. அந்தக் கேள்வி எந்தப் பத்தியில் இருக்கிறது? தேடு. இருந்தால் பத்தி எண்ணைக் குறி. எங்குமே இல்லையா? அப்படியானால் உன் குறிப்பின் முதல் வரி அதுதான். அடுத்தது, கீழே இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொன்ன உண்மை விவரங்களை ஹைகோர்ட் திரும்பவும் அலசியிருக்கிறதா, அலசியிருந்தால் 103ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறதா. அதற்கும் அப்புறம்தான் முன்சீப் தீர்ப்பு, ஆவணங்கள், கடைசியாக சினாப்சிஸ். நானூறு பக்கம் அரைப் பக்கமாகும்.

மறுநாள் காலை நீதிபதி அதை இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு நிமிர்ந்து, "கமிஷனர் பிளான் எத்தனையாவது பக்கம்?" என்று கேட்பார். கோர்ட் அனுப்பிய கமிஷனர் இடத்தைப் பார்த்து வரைந்த வரைபடம் அது. பக்க எண் நுனிநாக்கில் இருக்க வேண்டும். 'இருக்கிறது சார், எடுத்துத் தருகிறேன்' என்று சொன்னால் அவர் திட்ட மாட்டார், தானே புரட்டத் தொடங்கிவிடுவார். திட்டு வாங்குவது மேல்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி (புல வரைபடம்), கமிஷனர் மனு இதெல்லாம் நமக்கு வீட்டுப் பேச்சு. பட்டா கையில் இருப்பதால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது என்று உன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். கார்ப்பரேட் சட்டம் கரைத்துக் குடித்த பையன் ஒருவன் அதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

விசாரணை முடிந்து தீர்ப்பு எழுதும் கட்டத்தில் மேற்கோள்களைச் சரிபார்ப்பது, மாறுபட்ட முன்தீர்ப்பு இருக்கிறதா என்று தேடுவது, தேதி, பெயர், பத்தி எண் ஒத்துப்பார்ப்பது நம் வேலை. சில நீதிபதிகள் உட்காரவைத்து விவாதிப்பார்கள், எதிர்த்துப் பேசவும் விடுவார்கள். சிலரிடம் குறிப்பு மட்டும்தான் உள்ளே போகும், பேச்சு கிடையாது. யாரிடம் போடுவார்கள் என்பது உன் கையில் இல்லை.

இதில் என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒரு மனுவை முதல் மூன்று நிமிடத்தில் எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து எப்படிப் படிக்கிறார்கள் என்பது. இப்போது நான் எழுதும் மனுவில் முதல் பத்தியிலேயே கேள்வி இருக்கும். கிடைக்காதது கட்சிக்காரர், சாட்சி, ஃபீஸ். மூன்றையும் அந்த வருடம் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாய். கிளார்க்காக இருக்கும்வரை வக்கீலாக ஆஜராகவும் முடியாது.

கீழ்க்கோர்ட்_வக்கீல்

மேலே எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை அம்மா.

நீங்கள் ஜட்ஜாக உட்காரப்போவது முன்சீப் கோர்ட்டில். அங்கே வருவது எஸ்எல்பி இல்லை, பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு. அந்தப் பிராது தாக்கலாகி, கோர்ட் ஃபீ குறைவு என்று ரிட்டர்ன் ஆகி, திரும்பத் தாக்கலாகி, வழக்கு நம்பர் ஆவதற்குள் ஒரு ஜூனியர் கற்றுக்கொள்வது எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இல்லை. டெல்லியில் இருந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எழுத்துமூல வாதம் கொடுத்தார்கள் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கூண்டில் ஏறிய கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னால், "அடங்கலில் ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். குறுக்கு விசாரணையில் 'ஏன்' என்று கேட்டால் சாட்சிக்கு நாமே மேடை போட்டுக் கொடுத்த மாதிரி. அவர் பத்து நிமிடம் விளக்குவார், அத்தனையும் பதிவாகும், நம் கட்சிக்காரர் பின்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பார். "ஸ்தலத்துக்கு நீங்கள் போகவில்லை, சரிதானே?" என்று கேட்டு, 'போகவில்லை' என்று வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். இந்த உட்காரும் வித்தை வருவதற்கே எனக்கு வருடங்கள் ஆயின.

பணம் விஷயம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 குறையாமல் தர வேண்டும் என்று 2024இல் ஹைகோர்ட் சொல்லி, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. எத்தனை ஆபீஸில் தருகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சீனியரிடம் பேசுங்கள். பஸ் செலவு சம்பளமாகாது.

தாமிரபரணிக்_கரை

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படிக்கும்போது அக்கா சொல்வதும் சரியாக இருக்கிறது, சார் சொல்வதும் சரியாக இருக்கிறது. இதுதான் என் பிரச்சினையே.

சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு மூன்று வருடம் ப்ராக்டிஸ் வேண்டும் என்று சொல்கிறார்களே. டெல்லியில் இருக்கும் வருடம் அதில் வீணாகிவிடுமா?

மூன்று_வருஷம்

வீணாகாது. நானும் அதே தேர்வுக்குத்தான் படிக்கிறேன், இதைப் பலமுறை படித்துவிட்டேன். 2025 மே 20 அன்று அனைத்திந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று வருட நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 1993இல் வந்தது, 2002இல் எடுக்கப்பட்டது, இப்போது மறுபடியும். அந்தத் தீர்ப்பிலேயே, நீதிபதிகளிடமோ நீதித்துறை அலுவலர்களிடமோ லா கிளார்க்காக இருந்த காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வக்கீலாக இருந்த காலம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து எண்ணப்படும், பார் தேர்வில் (வக்கீல்களுக்கான அகில இந்தியத் தேர்வு) தேறிய நாளிலிருந்து அல்ல. ஆகவே ரிசல்ட் வந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்துவிட்டது. கிளார்க் வேலை முடிந்து வரும்போது அனுபவச் சான்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். வக்கீலாக இருந்த காலத்துக்கு, அந்தக் கோர்ட்டின் தலைமை நீதித்துறை அலுவலர் சான்று கொடுக்கலாம், இல்லையென்றால் குறைந்தது பத்து வருடம் ப்ராக்டிஸ் உள்ள வக்கீல் சான்று கொடுத்து, மாவட்டத் தலைமை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் போட வேண்டும்.

ரெக்கார்ட்_ரூம்

சார் சொன்ன குறுக்கு விசாரணை விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை. மதுரைக்கு வந்த பிறகும் எனக்குக் கூண்டு இன்னும் பழக்கமில்லை, ஹைகோர்ட்டில் பெரும்பாலும் ரிட் மனுக்கள்தான். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முன்சீப் கோர்ட் உனக்காக எப்போதும் அங்கேயே இருக்கும். கையில் பத்து கட்டு சேர்ந்து, கட்சிக்காரர் போன் பண்ண ஆரம்பித்துவிட்டால், அதை உதறிவிட்டு டெல்லிக்குப் போகிற வக்கீலை நான் பார்த்ததில்லை. கிளார்க் வேலை முதலில் செய்தால்தான் உண்டு. என்னிடம் கேட்டால், தேர்வு எழுது, கிடைத்தால் ஒரே வருடம் போ. நீட்டிப்பு தருகிறோம் என்றாலும் வாங்காதே, ஏனென்றால் இரண்டாவது வருடம் கற்பது குறைவு, டெல்லிப் பழக்கம்தான் கூடும். முடித்துவிட்டு நேராகப் பாளையங்கோட்டைக்கே திரும்பு. மதுரைக்கோ சென்னைக்கோ வேண்டாம். உன் மூன்று வருடத்தில் மிச்சம் இரண்டும் விசாரணை நீதிமன்றத்தில் கழியட்டும். ஜட்ஜாக உட்கார ஆசைப்படுகிறவளுக்கு சார் சொன்னது என்னைவிட அதிகம் பொருந்தும்.

கிடைக்கவில்லை என்றால் மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் நீதிபதிகளுக்கு ரிசர்ச் லா அசிஸ்டென்ட் எடுக்கிறார்கள். தொகை குறைவு, வேலை கிட்டத்தட்ட இதேதான், தமிழ்நாட்டு வழக்குகள் என்பதால் நம் ஊர்ச் சட்டங்களில் கை பழகும். அம்மாவும் அடுக்களையிலிருந்து வெளியே வருவார்.

டெல்லி என்றால் ஜங்புரா, போகல் பக்கம் அறை பார். அங்கே வக்கீல்கள் நிறைய, ராத்திரி தாமதமாக வந்தாலும் வீட்டுக்காரர் கேள்வி கேட்பதில்லை. மெட்ரோவில் மண்டி ஹவுஸில் மாறினால் அடுத்த நிறுத்தமே சுப்ரீம் கோர்ட். நீதிபதியின் வீட்டு அலுவலகத்திலும் வேலை இருக்கும், ராத்திரி அங்கிருந்து திரும்ப ஆட்டோவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள். முதல் சம்பளம் வருவதற்குள் அட்வான்ஸ், வாடகை, குளிர்காலம் என்றால் ரஜாய், ஹீட்டர் என்று கை கடிக்கும். வீட்டில் கடன் வாங்காமல் போக முடியுமா என்று இப்போதே கணக்குப் போடு.

சீனியரிடம் மறைக்காதே. "இப்படி ஒரு தேர்வு எழுதுகிறேன் சார், கிடைத்தால் ஒரு வருடம் போய்விட்டு உங்களிடமே வருகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடு. ரிசல்ட் வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை அவர் ஆபீஸிலேயே இரு. அந்த மாதங்களில் ஒரு பிராதையாவது நீயே எழுதி, ரிட்டர்ன் வாங்கி, சரிசெய்து நம்பர் ஆக்கிவிடு. அப்புறம் டெல்லியில் யாரோ எழுதிய பிராது உன் மேஜைக்கு வரும்போது எந்தப் பத்தியில் இடித்திருக்கும் என்று கண் தானாகப் போகும்.